மாசிப் பனிக்கு ஏறியது

கானாடுகாத்தான் ரயில்வே கேட்டுக்கு வடக்கே
குவாரி மண்ணைக் குவித்துக் கட்டிய மேடு.
மேலிருந்து கீழ்வரை வெள்ளை பிளாஸ்டிக் பாய்,
பிரஷ் முள்ளாய் முளைத்தது.
‘இமயா பனி உலகம்’ என்று வளைவில் எழுத்து.
போன ஐப்பசிக் காற்றில் ‘பனி’ மட்டும் விழுந்துவிட்டது.
இங்கே பனி விழுந்த ஒரே நாள் அதுதான்
என்கிறான் ஆடு மேய்க்கும் சாத்தையா.

இரண்டு கோடை ஓடியது.
மூன்றாவது கோடையில் கரண்ட் பில் வந்தது.

மெய்யம்மை முள்கம்பியைத் தூக்கிப் பிடித்தாள்.
எந்தக் கம்பி தொய்ந்தது என்று அவளுக்குத் தெரியும்,
டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருந்தவள்.
முதலில் கட்டைகளை உள்ளே தள்ளினேன்,
பிறகு என்னை.

துபாயில் கழித்துப் போட்ட ஜோடி, நாற்பது திர்ஹம்.
திருச்சி ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் தட்டிப் பார்த்து,
‘என்னப்பா, கதவு நிலையா?’
‘சறுக்குக் கட்டை சார்.’
‘எங்கே சறுக்குவ?’
‘காரைக்குடிப் பக்கம்.’
என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
வரி போடவில்லை.

ஏறும்போது பிடிக்க வேண்டும், இறங்கும்போது விட வேண்டும்,
இரண்டையும் ஒரே கட்டை செய்ய வேண்டும்.
மலைநாட்டில் அடியில் ரோமப்பட்டை ஒட்டுவார்களாம்.
நாங்கள் நெல் சாக்கைக் கிழித்துச் சணலால் கட்டினோம்.
இருப்பது ஒரு ஜோடி என்பதால் ஆளுக்கொரு கட்டை,
மற்றக் காலில் செருப்பு.
விந்தி விந்தி, குறுக்கும் மறுக்குமாக ஏறினோம்.
பாயைத் துளைத்து வந்த கருவேல முள்
செருப்புக் காலைத்தான் தேடிக் குத்தியது.
ஆட்டுப்புழுக்கை பனியில் ஊறி வழுக்கியது.
துருக்கயிற்றில் ஒன்பது தொங்கு நாற்காலிகள்.
ஏழாவதில் தேன்கூடு.
டார்ச்சை அணைத்துவிட்டு
மூச்சையும் அணைத்துவிட்டுச் சுற்றிப் போனோம்.

உச்சியில் ஃபைபர் கரடி, ஒரு காது இல்லை.
அதன் முதுகில் சாய்ந்து ஃப்ளாஸ்கைத் திறந்தாள்.
ராமேசுவரம் வண்டி
விளக்குக் கோடாகச் செட்டிநாட்டைக் கடந்தது.

‘நீ முதல்ல போ. அஞ்சு வருஷம் பண்ணுனவன்தானே?’

அப்போதுதான் சொன்னேன்.
ஐந்து வருஷமும் பூட்ஸ் கவுண்டரில்தான்.
நாற்பத்திரண்டாம் நம்பர், நாற்பத்து நாலாம் நம்பர்,
ஈரக் காலுறை நாற்றம், மைனஸ் இரண்டு.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சரிவு.
ஒரு டிக்கெட் என் பத்து நாள் சம்பளம்.

அவள் சிரிக்கவில்லை. டீயை ஆற்றினாள்.
‘மே மாசம் ஒரு நாளைக்கு எழுநூறு டிக்கெட் கிழிச்சிருக்கேன்.
ஸ்டாஃப் மேல ஏறக்கூடாதுன்னு போர்டு.
நானேதான் அதை மாட்டினேன்.’

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்.
பிளாஸ்டிக்கை அது துளைக்கவில்லை,
முள்ளுக்கு ஒரு சொட்டாக உட்கார்ந்திருந்தது.
இதற்காகத்தான் ஐந்து மணிக்கு.
காய்ந்த பாயில் கட்டை ஓடாது,
ஏழு மணி வெயில் வந்தால் கதை முடிந்தது.
எங்களுக்கு வாய்த்த பனி இவ்வளவுதான்,
தொட்டால் விரலில் தண்ணீர்.

சாக்கை அவிழ்த்தேன்.
கரண்ட் போனால் கொளுத்தும் மெழுகுவத்தியை
அடியில் தேய்த்தேன்.
‘ரெண்டையும் கொடு’ என்றாள்.

சுடிதார்த் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி
ஒரு தள்ளு.
சர்ரென்று எதுவும் கேட்கவில்லை.
பெரிய வீட்டுக் கல்யாணத்தில்
நூறு தேங்காயை ஒரே நேரத்தில் துருவும் சத்தம்.
நடுவில் கட்டைகள் விலகின. அவளும் விலகினாள்.
பிறகு எப்படியோ மூன்று பொருளும் ஒரே திசைக்கு வந்து
அடிவாரக் கருவேலம் புதரில் போய் நின்றன.

சத்தமில்லை.

‘மெய்யம்மை?’

புதருக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.
‘முந்நூறு ரூபா! ஜிஎஸ்டி தனி!’

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது.
முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு
கட்டைகளைத் தோளில் வைத்தாள்,
திரும்ப ஏற.
‘அந்தச் சாக்கை வீசு, சீக்கிரம்!’

சாக்கின் மேல்தான்
நான் உட்கார்ந்திருந்தேன்,
இரண்டு காலையும் சரிவுக்கு வெளியே நீட்டி.